கொலுசுல என் மூஞ்சி தெரிஞ்ச கதை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பர் வணிகப் பக்கத்துல, சின்ன தொழில் பண்றவங்க இன்ஸ்டாகிராம் பேஸ்புக்குல படம், வீடியோ போட்டு வியாபாரத்த பெருக்கறது எப்படின்னு அரைப்பக்கம் வந்திருந்துச்சு. என் பொண்ணு அத வெட்டி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிட்டா. தினமும் ஒரு போஸ்ட் போடு, டிரெண்டுல இருக்கற பாட்ட வை, கொஞ்சம் காசு கட்டி பூஸ்ட் பண்ணு (அதாவது போஸ்ட நெறய பேருக்கு காட்டச் சொல்லி விளம்பரம்), வசதி இருந்தா ஆள் வச்சு பண்ணுன்னு நாலு விஷயம் சொல்லியிருந்தீங்க. நாலையும் நான் பண்ணிப் பாத்துட்டேன் சாமி, நாலுலயும் அடி வாங்கியாச்சு, அதான் ஃபிரிட்ஜ தொறக்கும்போதெல்லாம் எரிச்சலா வந்து இத எழுத உக்காந்துட்டேன். எங்க போடறது, எப்ப போடறதுன்னு அவ்வளவு சொன்னவங்க, படத்த ஒழுங்கா எடுக்கறதப் பத்தி, சதுரமா எடுங்கங்கறத தவிர ஒரு வரி எழுதல. ஆரம்பிக்கறவன் மாட்டிக்கற எடமே அதுதாங்க.

நான் சிவதாபுரத்துல கொலுசு பட்டறை வச்சிருக்கேன். பெருசா நெனச்சுக்காதீங்க, வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட்டு, நாலு ஆளு, அக்கம்பக்கத்துல வீட்டுலயே உக்காந்து சலங்கை கோக்கற பொம்பளைங்க அஞ்சாறு பேரு. வியாபாரி வெள்ளிய கட்டியா குடுப்பாரு, நாங்க கொலுசா திருப்பிக் குடுத்து கூலி வாங்கிக்குவோம், எங்கப்பா காலத்துல இருந்து இதான். நாங்க பண்ண கொலுசு ஏதோ ஒரு ஊரு ஷோரூம்ல அவங்க பேரு போட்ட டப்பால இருக்கும், யாரு பண்ணதுன்னு வாங்கறவங்களுக்கு தெரியாது. ஒருதடவ கோயமுத்தூர்ல சொந்தக்காரங்க கல்யாணத்துல, ஒரு அம்மா போட்டிருந்த கொலுசோட கொக்கியப் பாத்ததும் இது நம்ம பட்டறை வேலையாச்சேன்னு தெரிஞ்சுபோச்சு. போயி சொல்லலாமான்னு பாத்தேன், பொம்பளைங்க காலையே பாத்துட்டு நிக்கறான்னு அடி விழுமோன்னு பேசாம சாப்பாட்டுப் பந்திக்குப் போயிட்டேன். அன்னிக்குதான் நம்ம பேர்லயும் கொஞ்சமாவது விக்கணும்னு முடிவு பண்ணது.

ஆடி மாசம் கல்யாணம் இல்ல, பட்டறைல வேலை கம்மி, அந்த நேரம் பாத்து டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனின்னு ஒரு தம்பி வந்தான். மாசம் 6,000, மூணு மாசத்துக்கு மொத்தமா 18,000, பேஜ் ஓப்பன் பண்ணி எல்லாம் நாங்களே பாத்துக்கறோம்னான். குடுத்தேன். என்ன போட்டாங்க தெரியுங்களா, ஆடிப்பெருக்கு நல்வாழ்த்துக்கள், கோட்டை மாரியம்மன் பண்டிகை நல்வாழ்த்துக்கள், சுதந்திர தின நல்வாழ்த்துக்கள், ஆகஸ்ட் 19 உலக புகைப்பட தினமாம், அதுக்கும் ஒண்ணு. எல்லாத்துலயும் கீழ மூலைல எங்க பட்டறை பேரும் போன் நம்பரும். கொலுசு எங்கடா தம்பின்னு கேட்டா, நெட்டுல இருந்து எடுத்த ஒரு வடநாட்டு கல்யாணப் பொண்ணோட கால் படத்த போட்டுட்டான். இது நம்ம கொலுசே இல்லையேன்னேன், "அங்கிள், இது கிரியேட்டிவ்"ங்கறான். மூணு மாசம் முடிஞ்சு வேணாம்னு நிறுத்தினா அக்கவுண்ட் பாஸ்வேர்ட் வரவே இல்ல, அவன் மெயில் ஐடில ஓப்பன் பண்ணியிருக்கான். எங்க பட்டறை பேரு போட்ட பேஜ், எங்களாலயே தொறக்க முடியல. ஆரம்பிக்கறவங்க யாரா இருந்தாலும் உங்க சொந்த நம்பர், சொந்த மெயில்ல ஓப்பன் பண்ணுங்க, ரெண்டு கட்ட சரிபார்ப்புன்னு செட்டிங்ஸ்ல இருக்கும் அத போட்டு வைங்க, வேற ஆள் வேலை செய்யணும்னா பேஸ்புக் பேஜ்ல அனுமதி மட்டும் குடுக்கற வசதி இருக்கு, பாஸ்வேர்ட தூக்கிக் குடுக்காதீங்க.

அப்புறம்தான் நானே புதுசா பேஜ் ஆரம்பிச்சு, நானே படம் எடுக்க ஆரம்பிச்சது. வெள்ளிங்கறது கண்ணாடி மாதிரிங்க, எதிர்ல என்ன இருக்கோ அதத்தான் காட்டும். மொத நாள் ராத்திரி டியூப்லைட்டு வெளிச்சத்துல ஃபிளாஷ் போட்டு எடுத்தேன், நடுவுல ஒரே வெள்ளைத் திட்டு, மத்ததெல்லாம் கருப்பு. பொண்ணு அத விரல்ல பெருசு பண்ணிப் பாத்துட்டு "அப்பா, ஒவ்வொரு சலங்கைலயும் நீ இருக்க"ன்னு விழுந்து விழுந்து சிரிக்கறா. நெஜந்தான், ஒவ்வொரு சலங்கை மேலயும் பனியன் போட்ட ஒரு குட்டி ஆளு போன தூக்கிப் புடிச்சுட்டு நிக்கறான். அடுத்து கடைல வெக்கற மாதிரி செகப்பு வெல்வெட்டு மேல வெச்சு எடுத்தேன், வெள்ளி பூரா ரோஸ் கலர் அடிச்சு கவரிங் மாதிரி ஆயிடுச்சு.

ஒரு வாரம் மண்டைய ஒடைச்சுட்டு கடைசில கண்டுபுடிச்சது என்னன்னா, எங்க வீட்டு வடக்குப் பக்க ஜன்னல். நேரா வெயில் விழாது, ஆனா காலைல 9 மணில இருந்து 10 வரைக்கும் நல்ல வெளிச்சம் பரவலா இருக்கும். அது பக்கத்துல ஒரு ஸ்டூல், அது மேல வெளுத்த சாம்பக்கலர் துணி, ரெண்டு பக்கமும் நாற்காலி முதுகுல வெள்ளை வேட்டி தொங்கவிட்டேன், வேட்டியோட வெள்ளையத்தான் இப்ப கொலுசு காட்டுது, என்ன காட்டல. முன்னாடி ஒரு வெள்ளை அட்டைல போன் கேமரா அளவுக்கு ஓட்டை போட்டு அதுவழியா எடுக்கறேன், அதனால போனும் தெரியாது. இவ்வளவும் பண்ணா எல்லாம் ஒரே வெள்ளையா போயி கொலுசோட ஓரமே தெரியல, முத்துக்கும் முத்துக்கும் வித்தியாசம் இல்ல. பொண்ணோட பழைய சிலேட்ட எடுத்து ஒரு பக்கம் சாய்ச்சு வெச்சேன் பாருங்க, சிலேட்டோட கருப்பு கோடு மாதிரி ஒவ்வொரு முத்து ஓரத்துலயும் விழுந்து வேலைப்பாடு எழும்பி வந்துடுச்சு. எனக்கு அன்னிக்கு கொலுசு பண்ணி முடிச்சத விட சந்தோஷம். ஸ்டுடியோக்காரங்களும் வெள்ளிப் பாத்திரத்த இப்படி வெள்ளைக்குள்ள வெச்சு கருப்பு அட்டை காட்டித்தான் எடுப்பாங்களாம், பின்னாடி தெரிஞ்சுது. மொத்த செலவு ஒண்ணுமில்ல. எடுக்கறதுக்கு முன்னாடி போன் லென்ஸ வேட்டி முனையில தொடச்சுக்கணும், நம்ம கை எண்ணெய் எப்பவும் அதுல இருக்கும், திரைல கொலுசத் தொட்டு பக்கத்துல வர்ற சூரியன் குறிய கொஞ்சம் கீழ எறக்கிக்கணும், அவ்வளவுதான். பாலிஷ் போட்ட அன்னிக்கே எடுத்துடறது நல்லது, காத்துல இருக்கற கந்தகம் பட்டு வெள்ளி நாலு நாள்ல மங்க ஆரம்பிச்சுடும்.

படம் அழகா வந்துடுச்சா, அடுத்த வம்பு அதுலதான் வந்துச்சு. பக்கத்துல வெச்சு எடுத்ததுல மெல்லிசு கொலுசு நல்ல பட்டையா தெரிஞ்சிருக்கு. திருநெல்வேலிப் பக்கம் இருந்து ஒரு அம்மா ஆர்டர் போட்டு, கைல வாங்கிப் பாத்துட்டு போன்ல திட்டின திட்டு இருக்கே, "படத்துல வடம் மாதிரி காட்டிட்டு நூலு மாதிரி அனுப்பியிருக்கீங்க". அவங்க மேல தப்பே இல்ல. எடைய நான் கேப்ஷன்ல எழுதித்தான் இருந்தேன், ஆனா யாருங்க படிக்கறா, படம் பாத்து வாங்கறவங்க படத்தத்தான் நம்புவாங்க. திருப்பி வாங்கிட்டேன், கூரியர் செலவு ரெண்டு பக்கமும் என்னுது. அதுல இருந்து ஒவ்வொரு கொலுசுக்கும் மூணு படம் கட்டாயம், ஒண்ணு ஜன்னல் படம், ஒண்ணு டிஜிட்டல் தராசு மேல வெச்சு கிராம் நம்பர் தெரியற மாதிரி, ஒண்ணு கால்ல போட்டு. தராசு படம் அழகா இருக்காது, பொண்ணுக்கு அது புடிக்காது, பேஜ் லுக்கு கெடுதுங்கறா. இருந்துட்டுப் போகட்டும். ஒரே போஸ்ட்ல பல படம் வரிசையா போடற வசதி இருக்கறதால மொதல்ல அழகுப் படம், தள்ளிப் பாத்தா தராசு.

கால் படத்துக்கு ஒரு கதை இருக்கு. மாடல் பொண்ணுக்கெல்லாம் எங்க போறது, வீட்டுக்காரிய கேட்டேன். "ஏங்க, பித்தவெடிப்போட இருக்கற என் கால ஊரே பாக்கணுமா"ன்னுட்டா. ரெண்டு நாள் கெஞ்சி, மஞ்சள் பூசி, வாசப்படில நின்னு ஒரு படம் எடுத்தோம், வெடிப்பு லேசா தெரியத்தான் தெரியுது. ஷோரூம் மாதிரி எடுத்த எந்த படத்துக்கும் வராத அளவு மெசேஜ் அதுக்கு வந்துச்சு, அக்கா கால்ல இருக்கறது எத்தனை கிராம், எத்தனை இன்ச், எனக்கு கால் கொஞ்சம் தடி பத்தரை பத்துமா பதினொண்ணு வேணுமான்னு. தன் காலு மாதிரியே இருக்கற காலுல பாத்தாதான் தனக்கு எப்படி இருக்கும்னு தெரியும்போல. இப்ப அவ ஒவ்வொரு படத்துக்கும் சேலைய மாத்திட்டு வந்து நிக்கறா.

வீடியோ விஷயத்துக்கு வரேன். 2020 ஜூன் கடைசில டிக்டாக்க தடை பண்ணப்ப எங்க பட்டறைப் பையன் ஒருத்தன் துக்க வீடு மாதிரி உக்காந்திருந்தான், அடுத்த மாசமே இன்ஸ்டாகிராம்ல ரீல்ஸ்ங்கற குட்டி வீடியோ வந்து அவன் பழையபடி ஆயிட்டான். அவன்தான் மொத ரீல்ஸ் எடுத்துக் குடுத்தான், உங்க கட்டுரைல சொன்ன மாதிரி டிரெண்டு சினிமாப் பாட்டோட. கொஞ்ச நாள்ல இன்ஸ்டாகிராம்காரங்க சத்தத்த கட் பண்ணிட்டாங்க. வியாபாரத்துக்குப் பாட்ட பயன்படுத்தணும்னா அதுக்கு உரிமை வேணும், பிசினஸ் அக்கவுண்ட்டுன்னு மாத்திட்டாலே சினிமாப் பாட்டு பெரும்பாலும் வராது. அப்பதான் எனக்கு ஒறைச்சுது, ஏண்டா நாம விக்கறதே சத்தந்தானே. கடைக்கு வர்ற பொம்பளைங்க கொலுச எடுத்ததும் மொதல்ல என்ன பண்ணுவாங்க, காதுகிட்ட ஆட்டிப் பாப்பாங்க. ஃபேன நிறுத்திட்டு, பக்கத்து வீட்டு மிக்ஸி நிக்கற வரைக்கும் காத்திருந்து, ஒரு சலங்கைக் கொலுசயும் ஒரு சாதாக் கொலுசயும் மாத்தி மாத்தி ஆட்டி இருபது செகண்ட் எடுத்தோம். பாட்டு இல்ல, பேச்சு இல்ல. ஆபீஸ் போறதுக்கு சத்தம் வராத மாடல் இருக்கான்னு கேட்டு வந்த ஆர்டரே தனியா இருக்குங்க, அது நாங்க எதிர்பாக்கவே இல்ல. நெறய பேரு சத்தம் வெக்காமலும் பாப்பாங்கங்கறதால எடை, அளவ வீடியோ மேலயே தமிழ்ல எழுதிடறோம். அந்த எழுத்த கீழ போட்டா கேப்ஷன் மறைச்சுடும், வலது ஓரத்துல போட்டா லைக் ஷேர் பட்டன் மறைச்சுடும், நடுவுக்கு கொஞ்சம் மேல போடுங்க.

உங்க கட்டுரைல படத்த சதுரமா எடுங்கன்னு இருந்துச்சு, அது பழைய கதைங்க. இன்ஸ்டாகிராம்ல 2015லயே சதுரம்தான்னு இருந்த கட்டாயம் போயிடுச்சு, 2025 ஜனவரில பேஜ்ல வரிசையா தெரியற கட்டத்தையும் சதுரத்துல இருந்து உசரமா மாத்திட்டாங்க, நான் சதுரப் படத்துல ரெண்டு ஓரத்துலயும் கிராம் எழுதி வெச்சிருந்தது அத்தனையும் பேஜ்ல பாதி பாதியா வெட்டுப்பட்டு நின்னுச்சு. இப்ப எல்லாத்தையும் போன நட்டுக்குத்தா புடிச்சே எடுக்கறேன், சுத்தி கொஞ்சம் எடம் விட்டு, அவங்க நாளைக்கு எப்படி மாத்தினாலும் கொலுசு உள்ள இருக்கும்.

விலைய எழுதறதா வேணாமாங்கறது பெரிய சண்டை. நெறய பேரு "விலைக்கு மெசேஜ் பண்ணவும்"னு போடறாங்க, வாங்கற எடத்துல நானா இருந்தா அடுத்த கடைக்குப் போயிடுவேன். ஆனா வெள்ளி ரேட்டு தினமும் மாறுது, இன்னிக்கு எழுதின விலை அடுத்த வாரம் நஷ்டம். அதனால போஸ்ட்ல எடை, டச் (வெள்ளி எவ்வளவு சுத்தம்ங்கறது), கூலி மட்டும் எழுதறேன், அது மாறாது. காலைல அன்னிக்கு வெள்ளி ரேட்ட ஒரு தாள்ல பேனால எழுதி ஸ்டோரில போட்டுடறேன், 24 மணி நேரத்துல அதுவா காணாம போயிடும், அடுத்த நாள் புது ரேட்டு. எங்க தொழிலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு அந்த ஸ்டோரி. கணக்கு போட சோம்பல் படறவங்க வாட்ஸ்அப்புக்கு வந்துடுவாங்க. சொல்லப்போனா எல்லா வியாபாரமும் கடைசில வாட்ஸ்அப்லதான் முடியுது, இன்ஸ்டாகிராம் ஷோகேஸு, வாட்ஸ்அப்தான் கல்லாப்பெட்டி. வாட்ஸ்அப் பிசினஸ்னு 2018ல வந்த ஆப் இலவசம், அதுல கேட்டலாக்னு ஒண்ணு இருக்கு, படத்தோட நம்பர் போட்டு அடுக்கி வெச்சுடலாம், "17ம் நம்பர் கொலுசு"ன்னு கேப்பாங்க, எந்த கொலுசுன்னு தேடற வேலை இல்ல.

பூஸ்ட் பத்தி. நானும் 500 ரூவா போட்டேன், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற. எந்த ஊருன்னு குறிக்காம விட்டுட்டேன், லைக் வந்து குவியுது, பூரா வேற மாநிலத்துப் பசங்க, ஒருத்தன் கூட கொலுசு போடற ஆளு இல்ல. அடுத்த தடவ நாமக்கல், தர்மபுரி, ஈரோடுன்னு ஊர குறிச்சு, ஏற்கனவே ஆளுங்க தானா விசாரிச்ச கால் படத்துக்கு மட்டும் போட்டேன், லைக் கம்மி, ஆனா போன் வந்துச்சு. காசு போடாமயே யாரும் கேக்காத படத்துக்கு காசு போட்டா மட்டும் கேட்டுடுவாங்களா.

இதுல உங்க கட்டுரை தொடாத ஒரு சங்கடம் இருக்கு, எங்கள மாதிரி கூலிக்கு பண்ற எல்லாருக்கும் இருக்கறது. நான் பேஜ் ஆரம்பிச்ச ரெண்டாவது மாசம், பல வருஷமா வெள்ளி குடுக்கற வியாபாரி கூப்பிட்டாரு, "ஏம்ப்பா, என் டிசைன படம் போட்டு என் கஸ்டமரையே இழுக்கறியா"ன்னாரு. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல, அவரு நிறுத்திட்டா நாலு ஆளுக்கு சம்பளம் எங்க இருந்து குடுக்கறது. நேர்ல போயி பேசி, அவரு குடுக்கற டிசைன ஒண்ணு கூட போட மாட்டேன், என் சொந்த வெள்ளில என் டிசைன் மட்டும்தான்னு சொல்லி முடிச்சேன். இப்ப அவரு கடைக்கே நான்தான் ஜன்னல் படம் எடுத்துக் குடுக்கறேன், அது வேற விஷயம். பக்கத்துப் பட்டறைக்காரங்க சொல்றது இன்னொண்ணு, டிசைன நெட்டுல போட்டா மறுநாளே அடுத்த தெருவுல அச்சு வெட்டிடுவான்னு. உண்மைதான், வெட்டறான். நெட்டுல போடாதப்ப மட்டும் வெட்டாம இருந்தானா? புது டிசைன நூறு ஜோடி ஓட்டின அப்புறம் படம் போடறேன், எனக்குத் தெரிஞ்ச வழி அவ்வளவுதான்.

தினமும் போடச் சொன்னதுக்கு என் தங்கச்சி கதைய சொல்றேன். அவள ஏற்காட்டுல குடுத்திருக்கு, மச்சானுக்கு மூணு ஏக்கர் காபி, ஊடால மிளகு. 1820கள்ல காக்பர்ன்னு ஒரு கலெக்டர் காபிச்செடி கொண்டு வந்து வெச்ச மலை அது, விக்கறதுக்கு கதைக்கா பஞ்சம்? ஆனா இவ காபித்தூள் விக்கறதுக்கு பேஜ் ஆரம்பிச்சு தினமும் ஏரி, பனி, பகோடா பாயிண்ட், இருபது கொண்டை ஊசி வளைவுன்னு போட்டா, லைக் ஆயிரக்கணக்குல வருது, காபித்தூளு ஒரு பாக்கெட்டு நகரல. ரூம் வாடகை எவ்வளவுன்னு கேட்டுதான் போன் வருது. ஊரு அழகா இருந்தா இதான் ஆபத்து, ஊரு வித்துப்போயிடும் சரக்கு அப்படியே நிக்கும். வாரத்துக்கு மூணு போதும், ஆனா காபியப் போடுன்னேன். அறுவடைல செகப்பு பழத்த மட்டும் பாத்து பறிக்கற கை, தோல் உரிச்சது களத்துல காயறது, மச்சான் இரும்புச் சட்டில வறுக்கும்போது பச்சை மஞ்சளாகி பழுப்பாகி படபடன்னு வெடிக்கற சத்தம், இதெல்லாம் போட்டப்புறம்தான் ஆர்டர் வந்துச்சு. மார்ச் ஏப்ரல் மழைக்கு காபி பூக்கும்போது செடி பூரா மல்லிகை கொட்டின மாதிரி இருக்கும், ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சுடும், அத மட்டும் அன்னிக்கே எடுத்து அன்னிக்கே போட்டுடணும். சாப்பிடற பொருள்ங்கறதால எஃப்எஸ்எஸ்ஏஐங்கற உணவுப் பாதுகாப்பு ஆணையத்துல பதிவு வாங்கி 14 இலக்க நம்பர பாக்கெட்டுல போட்டிருக்கா, அவ வாங்கினப்ப வருஷத்துக்கு 100 ரூவாதான் கட்டணம், அந்த லேபிளையும் ஒரு படமா போட்டதுல அனுப்பறது யாரோன்னு பயப்படறவங்க கொஞ்சம் நம்பினாங்க.

ஏமாத்துக்காரங்களும் இங்கதான் சுத்தறானுங்க. "உங்க பேஜ 24 மணி நேரத்துல அழிச்சுடுவோம், இந்த லிங்க்க அழுத்துங்க"ன்னு மெசேஜ் வந்தா தொடாதீங்க, இளம்பிள்ளைல சேலை விக்கற நம்ம சிநேகிதர் ஒருத்தர் அழுத்திட்டு பேஜயே விட்டுட்டாரு. பணம் கட்டியாச்சுன்னு வர்ற ஸ்கிரீன்ஷாட்ட நம்பி பார்சல் போடாதீங்க, பேங்க்ல ஏறுச்சான்னு பாருங்க. பணம் நமக்கு வர்றதுக்கு பின் நம்பர் போட வேண்டியதே இல்ல, போடச் சொன்னா கட் பண்ணிட்டு சைபர் மோசடி புகாருக்கு இருக்கற 1930க்கு கூப்பிடுங்க.

கடிதம் நீளமாயிடுச்சு, எடம் பத்தலைன்னா பூஸ்ட் சமாச்சாரத்த வெட்டிக்கோங்க, சிலேட்டு சமாச்சாரத்த வெட்டிடாதீங்க. இன்னொண்ணு, போன வாரக் கட்டுரைக்கு ஒரு கொலுசு படம் போட்டிருந்தீங்களே, பொண்ணு ஃபிரிட்ஜுல ஒட்டினதே அதுக்காகத்தான், அது நெட்டுல எடுத்த படம், சேலம் கொலுசே இல்ல, கொக்கியப் பாத்தாலே தெரியுது. இந்த கடிதத்துக்கு படம் போடறதா இருந்தா உங்க போட்டோகிராபர இங்க அனுப்பி வைங்க. காலைல 9 மணிக்கு வரச் சொல்லுங்க, பத்து மணிக்கு மேல ஜன்னல் வெளிச்சம் போயிடும். கருப்பு சட்டை வேணாம்னு சொல்லிடுங்க, கொலுசு பூரா அவருதான் தெரிவாரு.

இப்படிக்கு,
கொலுசு பட்டறைக்காரன்,
சிவதாபுரம், சேலம்.